வாஷிங் மெஷின் டிரம் பேரிங்கும் இறுகிப்போன போல்ட்டுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெல்ட்டில் ஓடும் ஃப்ரன்ட் லோட் மெஷினை வைத்தே இங்கே பெரும்பாலும் பேசியிருக்கிறேன். டாப் லோட், செமி ஆட்டோமேட்டிக், பெல்ட் இல்லாத டைரக்ட் டிரைவ் பற்றிக் கீழே தனியாக இருக்கிறது. பேரிங் என்பது டிரம்மின் அச்சைத் தாங்கிச் சுழலவிடும் எஃகுக் குண்டு வளையம். அதை மாற்றுவது நுட்பம் தேவைப்படும் வேலையல்ல, பொறுமை தேவைப்படும் வேலை. பாதியில் கைவிடுபவர்கள் பேரிங்கைக் கண்டு பயந்து விடுவதில்லை. அசையாத ஒரு போல்ட்டோடு மல்லுக்கட்டி அலுத்துத்தான் விடுகிறார்கள். அதனால் போல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

ஸ்பின் வேகம் ஏற ஏற விமானம் கிளம்புகிற மாதிரி இரைச்சல் வருகிறது. பேரிங்தானா?

பெரும்பாலும் அதுதான். ஆனாலும் எதையும் வாங்குவதற்கு முன் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கதவைத் திறந்து, டிரம்மின் மேல் விளிம்பை உள்ளிருந்து பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். டிரம்மும் அதைச் சுற்றி வெளியே தண்ணீரைத் தாங்கும் டப்பும் சேர்ந்து ஸ்பிரிங்கில் ஆடினால் அது இயல்பு. டப் அப்படியே நிற்க, டிரம் மட்டும் 'டக்'கென்று தனியாக அசைந்தால் பேரிங்கில் ஆட்டம் விழுந்துவிட்டது.

அடுத்து, பின் கவரைக் கழற்றி பெல்ட்டை எடுத்துவிடுங்கள். டிரம்மைக் கையால் மெதுவாகச் சுழற்றி, ஒரு விரலை டப்பின் நடுப்பகுதியில் வைத்துப் பாருங்கள். மணல் அரைபடுவது போன்ற நறநறப்பு விரலுக்குத் தெரியும். நல்ல பேரிங்கில் அது வராது. அப்படியே மோட்டார் புல்லியையும் (பெல்ட் ஓடும் சக்கரம்) தனியாகச் சுற்றிவிடுங்கள். இரைச்சல் அங்கிருந்து வந்தால் டிரம்மைத் தொடவே வேண்டாம், மோட்டார் பேரிங்கைப் பார்த்தால் போதும்.

டிரம்மோடு சுழலும் பெரிய புல்லிக்குக் கீழே டப்பின் முதுகில் செம்பழுப்பு நிறத்தில் கறை வழிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அது துருவும் கிரீஸும் கலந்த தண்ணீர்.

சுற்றுக்கு ஒருமுறை 'டிக்' என்றோ 'கிரீச்' என்றோ மட்டும் கேட்டால், டிரம்முக்கும் டப்புக்கும் நடுவே நாணயமோ உள்ளாடைக் கம்பியோ சிக்கியிருக்கலாம். ஹீட்டரைக் கழற்றினால் அந்த ஓட்டை வழியாகவே எடுத்துவிடலாம்.

பேரிங் ஏன் போகிறது? துணி அதிகம் போட்டதாலா?

அதிகச் சுமையும் ஒரு காரணம். ஆனால் முதல் குற்றவாளி தண்ணீர்.

சுமையைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். டிரம்மின் ஆரம் 24 செ.மீ., வேகம் நிமிடத்துக்கு 1200 சுற்று என்று வைத்தால், விளிம்பில் ஒட்டியிருக்கும் துணி தன் எடையைப் போல ஏறக்குறைய 385 மடங்கு விசையோடு வெளிப்பக்கம் அழுத்தும். அரை கிலோ ஈரத்துணி ஒரே பக்கமாகச் சேர்ந்துவிட்டால் பேரிங்குக்கு அது 190 கிலோ சுமைக்குச் சமம். நல்ல கிரீஸோடு இருக்கும் பேரிங் இதையெல்லாம் தாங்கும்.

பேரிங்குக்கும் சோப்புத் தண்ணீருக்கும் நடுவே காவலாக இருப்பது ஒரு ரப்பர் ஆயில் சீல் மட்டும்தான். அதன் உதடு தேய்ந்தோ, உப்புப் படிந்து கெட்டியாகியோ போனால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே போகிறது. சோப்பு கலந்த தண்ணீர் என்பதால் கிரீஸைக் கழுவி எடுத்துவிடுகிறது. பிறகு எஃகுக் குண்டுகள் துருவின் மேல் ஓடுகின்றன. நீங்கள் கேட்கும் இரைச்சல் இந்தக் கட்டத்தில்தான் வருகிறது. அதனால்தான் சீலை மாற்றாமல் பேரிங்கை மட்டும் மாற்றுவது வீண் வேலை என்று அடித்துச் சொல்கிறேன்.

சத்தத்தோடு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?

ஓடும், ஆனால் ஓட்டாதீர்கள். தொடக்கத்தில் பிடித்தால் இரண்டு பேரிங், ஒரு சீல் என்ற அளவில் செலவு முடிந்துவிடும். தள்ளிப்போட்டால் பேரிங்கின் உள் வளையம் ஷாஃப்டின் (டிரம்மின் அச்சுத்தண்டு) மேலேயே சுழன்று அதைத் தின்னும். வெளி வளையம் டப்பில் தான் உட்கார்ந்திருக்கும் குழியைப் பெரிதாக்கும். குழி பெரிதாகிவிட்டால் புதுப் பேரிங் அதில் இறுக்கமாக நிற்காது, டப்பையே மாற்ற வேண்டிவரும். ஆட்டம் அதிகமாகி டிரம் டப்பில் உரசினால் ஹீட்டரும் கதவு ரப்பரும் கிழிபடும்.

என் மெஷின் டப்பைத் திறக்க முடியுமா என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

பின் கவரையும் மேல் கவரையும் எடுத்து, டப்பின் இடுப்பைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்க்ரூவோ கிளிப்போ வரிசையாகத் தெரிந்தால் இரண்டு பாதியாகப் பிரியும். ஒன்றும் இல்லாமல் ஒரு வரம்பு மட்டும் ஓடினால் அது தொழிற்சாலையில் உருக்கி ஒட்டிய டப்.

ஒட்டிய டப்பையும் ரம்பத்தால் அந்த வரம்போடு அறுத்துத் திறப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்வதென்றால் அறுப்பதற்கு முன்பே வரம்பைச் சுற்றி ஓட்டைகளைப் போட்டுவிடுங்கள். பிறகு போல்ட் போட்டு இணைக்கும்போது இரண்டு பாதியும் பழைய இடத்திலேயே சேரும். நடுவில் நல்ல சிலிகான் சீலன்ட் வேண்டும். நிதானமானவர்களுக்கு இது முடியும். முதல் தடவை மெஷினைப் பிரிப்பவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன், டப் முழுசாக வாங்கிப் போடுவது நல்லது.

எந்தப் பேரிங் வாங்குவது?

முன்னால் பெரியது, பின்னால் சிறியது என்று இரண்டு பேரிங் இருக்கும். முன்னால் என்றால் டிரம் பக்கம். எண் பேரிங்கின் பக்கவாட்டிலேயே பொறித்திருக்கும். வீட்டு மெஷின்களில் 6203, 6204, 6205, 6206, 6305, 6306 ஆகியவை அதிகம் புழங்குகின்றன. எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள் விட்டம் வரும். 6205 என்றால் உள்ளே 25 மி.மீ., வெளியே 52 மி.மீ., அகலம் 15 மி.மீ. 04க்குக் கீழே இந்தக் கணக்கு செல்லாது, 6203இன் உள் விட்டம் 17 மி.மீ.

எண்ணுக்குப் பின்னால் உள்ள எழுத்துகளையும் பாருங்கள். இசட்இசட் என்றால் இரு பக்கமும் தகடு மூடி, அது தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. 2ஆர்எஸ் என்றால் இரு பக்கமும் ரப்பர் மூடி. நான் எப்போதும் ரப்பர் மூடிதான் போடுவேன். சீல் சற்றுக் கசிந்தாலும் அது இன்னொரு தடுப்பாக நிற்கும். சி3 என்று இருந்தால் உள் இடைவெளி சற்றுக் கூடுதல் என்று பொருள். பழையதில் சி3 இருந்தால் புதியதிலும் அதையே வாங்குங்கள்.

பெயர் தெரிந்த கம்பெனி பேரிங்காக இருக்கட்டும், போலிகளும் நிறைய வருகின்றன. சீலுக்கும் ஓர் எண் உண்டு. உள் விட்டம், வெளி விட்டம், உயரம் மூன்றும் அதில் எழுதியிருக்கும். மாடலைச் சொல்லி வாங்கினாலும் பழைய சீலைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டுவிடுங்கள்.

தொடங்கும் முன் எதைக் கவனிக்க வேண்டும்?

பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, அடி ஃபில்டர் வழியாக மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள். இன்வெர்ட்டர் மெஷின் என்றால் போர்டில் உள்ள கெபாசிட்டர் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும், பிளக்கைப் பிடுங்கிய உடனே அதில் கை வைக்க வேண்டாம். ஃப்ரன்ட் லோட் மெஷின் கனமானது, அதில் பெரும்பங்கு டப்பில் மாட்டியிருக்கும் கான்கிரீட் எடைக்கல்தான். கல்லை முதலில் கழற்றிவிட்டால் டப்பை ஒருவரே தூக்கலாம். தகடுகளின் ஓரம் கத்திபோல இருக்கும், கையுறை அவசியம்.

ஒவ்வொரு ஒயரையும் குழாயையும் கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹீட்டருக்குப் போகும் ஒயரும் பிரஷர் சுவிட்சுக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாயும்தான் திருப்பி மாட்டும்போது அதிகம் மறந்துபோகிறவை.

புல்லியின் நடு போல்ட் அசையவே இல்லை. என்ன செய்வது?

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். இந்த போல்ட்டின் மரையில் தொழிற்சாலையிலேயே பசை போட்டு இறுக்கியிருப்பார்கள். அதன்மேல் வருடக்கணக்கில் ஈரமும் துருவும் சேர்ந்திருக்கும். வெறும் கைபலம் இங்கே போல்ட்டின் தலையைத்தான் அழிக்கும்.

முதலில் எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான மெஷின்களில் இது சாதாரண வலது மரை, கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்பினால் கழலும். இடது மரை உள்ள மாடல்களும் இருப்பதால் சர்வீஸ் மேனுவலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்து, தலையின் குழியைச் சுத்தம் செய்யுங்கள். நட்சத்திரக் குழிக்குள் துருவும் அழுக்கும் அடைத்திருந்தால் பிட் முழு ஆழத்துக்கு இறங்காது, பாதி இறங்கிய பிட் கட்டாயம் வழுக்கும். கூர்மையான ஆணியால் சுரண்டி எடுத்து, பிட்டை வைத்துச் சுத்தியலால் தட்டி உட்கார வையுங்கள். அந்தத் தட்டே மரையில் ஒட்டியிருக்கும் துருவைச் சற்று உடைக்கும்.

பிறகு துருநீக்கி எண்ணெய் தெளித்துவிட்டு விடுங்கள். பத்து நிமிடத்தில் பலனை எதிர்பார்க்காதீர்கள். மாலையில் தெளித்து, படுக்கும் முன் இன்னொருமுறை தெளித்து, காலையில் வேலையைத் தொடங்குங்கள். சாதாரண டபிள்யூடி-40 டப்பாவில் இருப்பது அடிப்படையில் ஈரத்தை விரட்டும் திரவம். மரைக்குள் ஊடுருவவே செய்த எண்ணெய் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள்.

எண்ணெய் துருவைத்தான் இளக்கும், மரைப்பசையை இளக்காது. அதற்குச் சூடு வேண்டும். கெட்டியான சிவப்புப் பசை விட்டுக்கொடுக்க 250 டிகிரி செல்சியஸ் அளவு சூடாக வேண்டும். பின்னாலிருப்பதோ பாலிப்ரொப்பிலீன் டப், அது 160 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். அதனால் நெருப்பை நேரே காட்டக் கூடாது. கனமான சால்டரிங் அயர்னின் முனையை போல்ட் தலையின் குழிக்குள்ளேயே வைத்துச் சில நிமிடம் பிடியுங்கள், சூடு போல்ட்டுக்குள் மட்டும் இறங்கும். ஹீட் கன் என்றால் புல்லிக்குப் பின்னால் ஒரு தகடு வைத்து டப்பை மறையுங்கள். எண்ணெய் தெளித்த இடத்தைத் துடைத்து, காற்றோட்டம் வைத்துவிட்டுத்தான் சூடு, இல்லையென்றால் புகையும், சில வகை எண்ணெய் பற்றியும் கொள்ளும்.

சூடாக இருக்கும்போதே திருப்புங்கள். முதலில் சற்று இறுக்கும் திசையில் ஒரு அசைவு, பிறகு கழற்றும் திசையில். கொஞ்சம் வந்தால் முழுசாக இழுத்துவிடாமல் முன்னும் பின்னுமாக ஆட்டி எடுங்கள்.

இம்பாக்ட் ரென்ச் இருந்தால் வேலை பாதியாகும். நீண்ட கைப்பிடி போல்ட்டை ஒரே சீராக முறுக்கும், இம்பாக்ட் ரென்ச் வினாடிக்குப் பல தடவை அதிர்ந்து அடிக்கும். துரு அதிர்வுக்குத்தான் உடையும். டிரம்மைப் பிடித்து நிறுத்த வேண்டிய அவசியமும் அநேகமாக இருக்காது. கையால் திருப்புவதென்றால் புல்லியின் ஆரங்களுக்கு நடுவே மரக்கட்டை கொடுத்து நிறுத்த வேண்டும். கட்டை டப்பின் தடித்த விலாப் பகுதியில் முட்டட்டும், மெல்லிய பிளாஸ்டிக்கில் முட்டினால் டப் விரிசல் விடும். அலுமினிய ஆரமும் அதிக அழுத்தத்தில் முறிந்துவிடும்.

போல்ட்டின் தலை வழுக்கிவிட்டது. இனி?

நட்சத்திரக் குழி அழிந்திருந்தால் ஒரு அளவு பெரிய பிட்டைச் சுத்தியலால் அடித்து இறக்குங்கள், புதுப் பிடி கிடைக்கும். அறுகோணத் தலை உருண்டுபோயிருந்தால் அதைவிடச் சற்றுச் சிறிய ஆறுமுக சாக்கெட்டை அடித்து ஏற்றலாம். வெல்டிங் வசதி இருந்தால் தலைமேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டு செய்வதுதான் இருப்பதிலேயே நல்ல வழி. பிடியும் கிடைக்கும், போல்ட்டின் உள்வரைக்கும் சூடும் போய்விடும். டப்பை ஈரத்துணியால் மூடிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

எதுவுமே சரிவரவில்லை என்றால் தலையைத் துளையிட்டு எடுத்துவிடுங்கள். தலை போனதும் புல்லி கழன்று வரும், மிச்சக் கம்பு ஷாஃப்டில் நீட்டிக்கொண்டிருக்கும். அழுத்தம் விலகிவிட்டதால் அதைப் பல நேரம் பிடி இடுக்கியாலேயே திருப்பி எடுத்துவிடலாம். ஷாஃப்ட் மட்டத்துக்கே உடைந்துவிட்டால் நடுவில் சரியாகப் புள்ளி குத்தி, இடது சுற்று டிரில் பிட்டால் மெதுவாகத் துளையிடுங்கள். துளையிடும் திசையே கழற்றும் திசை என்பதால் பாதியிலேயே வெளியே வந்துவிடுவதும் உண்டு. உடைந்த போல்ட்டைக் கழற்றும் எக்ஸ்ட்ராக்டரைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அது உள்ளே உடைந்தால் அந்தக் கெட்டி எஃகைச் சாதாரண டிரில் துளைக்காது.

புல்லி வந்துவிட்டது, ஆனால் டிரம் ஷாஃப்ட் பேரிங்கிலிருந்து வெளியே வரவில்லை.

ஷாஃப்டைச் சுத்தியலால் நேரடியாக அடிக்கவே கூடாது. அதன் வாய் விரிந்துவிட்டால் மரையும் போகும், பேரிங்குக்குள்ளிருந்து வரவும் வராது. பழைய போல்ட்டையே, அல்லது அதே மரையுள்ள வேறொன்றை, சில சுற்று விட்டுத் திருகி, அதன் தலைமேல் கெட்டியான மரக்கட்டையை வைத்து அடியுங்கள். டப்பின் முன் பாதியை முன்பே எடுத்துவிட்டு, பின் பாதி தரையைத் தொடாதபடி இரண்டு பக்கமும் கட்டைமேல் நிறுத்தினால் டிரம் கீழே இறங்க இடமிருக்கும். உள் வளையமும் ஷாஃப்டும் சேரும் இடத்தில் எண்ணெய் ஊற வைத்து, நேர்கோட்டில் அடித்தால் இறங்கிவிடும். கோணலாக அடிப்பதுதான் சிக்க வைக்கிறது.

பழைய பேரிங்கின் குண்டுகள் உதிர்ந்து வெளி வளையம் மட்டும் டப்பில் மாட்டிக்கொண்டது.

முழுப் பேரிங் என்றால் எதிர்ப்பக்கத்திலிருந்து நீண்ட கம்பியை விட்டு, வளையத்தைச் சுற்றி மாறி மாறி அடித்து வெளியே தள்ளலாம். வளையம் மட்டும் என்றாலும் வழி அதேதான், ஆனால் கம்பி நிற்கும் விளிம்பு மிகக் குறுகலாக இருக்கும். முனையைச் சதுரமாக ராவிக்கொள்ளுங்கள். குழியைச் செய்திருக்கும் விதத்தைப் பாருங்கள், சிலவற்றில் கம்பி வைக்கவே இரண்டு வெட்டு விட்டிருப்பார்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் சிறிய கிரைண்டரால் வளையத்தின் உட்பக்கத்தில் குறுக்காக ஒரு கோடு அறுங்கள். முழுசும் அறுத்துவிடாமல் ஒரு மெல்லிய தோல் மிச்சம் வைத்து, அங்கே உளியை வைத்து ஓர் அடி. பேரிங் எஃகு கெட்டியானது, அதனாலேயே நொறுங்கும் தன்மையும் உண்டு. வளையம் பிளந்து தளர்ந்துவிடும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இந்த வேலையைச் செய்யாதீர்கள், சில்லு கண்ணுக்குத்தான் முதலில் வரும்.

ஸ்பைடர் என்கிறார்களே, அதையும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம், அதுவும் பேரிங் வாங்குவதற்கு முன்பே. டிரம்மின் முதுகில் மூன்று கைகளோடு ஷாஃப்டைத் தாங்கி நிற்கும் வார்ப்புதான் ஸ்பைடர். டிரம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஸ்பைடர் பெரும்பாலும் அலுமினியக் கலவை. இரண்டு உலோகமும் சோப்புத் தண்ணீரில் ஒன்றையொன்று தொட்டபடி இருந்தால் அலுமினியம்தான் அரிக்கப்படும். வெள்ளைப் பொடியைச் சுரண்டிவிட்டு ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒவ்வொரு கையையும் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினாலோ மயிரிழை விரிசல் தெரிந்தாலோ ஸ்பைடரை மாற்றியே ஆக வேண்டும். முழு வேகத்தில் ஒரு கை முறிந்தால் டிரம் டப்பையே கிழித்துக்கொண்டு வரும்.

அதை டிரம்மோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளும் இறுகித்தான் இருக்கும். இங்கே பக்கத்தில் பிளாஸ்டிக் இல்லாததால் தைரியமாகச் சூடு காட்டலாம். அலுமினியம் ஸ்டீலைவிட அதிகமாக விரியும், ஆகவே போல்ட்டைவிட்டு அதைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள். திருப்பி மாட்டும்போது மரை இறுகாமல் காக்கும் ஆன்டி சீஸ் பூசினால் அடுத்த தடவை பிரிப்பவர் உங்களை வாழ்த்துவார்.

ஷாஃப்டில் சீல் உட்காரும் இடத்தில் ஒரு பித்தளை அல்லது ஸ்டீல் வளையம் இருக்கும். அதன்மேல் நகத்தை ஓட்டுங்கள். நகம் பள்ளத்தில் சிக்கினால் புதுச் சீலும் அங்கே கசியும்.

புதுப் பேரிங்கை எப்படி உட்கார வைப்பது?

குழியைத் துடைத்து, மெல்லிய உப்புத்தாளால் துருவை எடுங்கள். பேரிங்கை உறையோடு ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்தால் சற்றுச் சுருங்கும். குழியை ஹேர் டிரையரால் சூடாக்கினால் சற்று விரியும். வேறுபாடு மிகச் சிறியதுதான், ஆனாலும் உட்காரும்போது தெரியும்.

அழுத்தம் வெளி வளையத்தில் மட்டும் விழ வேண்டும். உள் வளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் குழி விழுத்தும், புதுப் பேரிங் முதல் நாளே இரையும். பழைய பேரிங்கின் வெளி வளையம் இருந்தால் அதை மேலே வைத்து அடியுங்கள். இரண்டு பக்கமும் தடித்த வாஷர் வைத்து நீண்ட மரைக்கம்பியால் மெல்ல இறுக்கி இழுப்பது இன்னும் பாதுகாப்பு. கடைசியில் அடியின் ஓசை மாறும், கணீரென்று கேட்டால் அடிவரை உட்கார்ந்துவிட்டது.

சீலுக்கு எந்த கிரீஸ்?

தண்ணீரில் கரையாத, சீல் ரப்பரைக் கெடுக்காத கிரீஸ். பல பிராண்டுகள் சீலோடு ஒரு சின்னப் பொட்டலம் தருகின்றன. உதடுகளுக்கு நடுவே உள்ள பள்ளம் நிறையும் அளவு வையுங்கள், அதற்கு மேல் தேவையில்லை. ஸ்பிரிங் தெரியும் உதடு எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று பழையதைக் கழற்றும்போதே படம் எடுத்து, அதே பக்கமாக வையுங்கள். அதைத் தலைகீழாக வைத்தால் மொத்த வேலையும் பாழ்.

டாப் லோட், செமி ஆட்டோமேட்டிக், டைரக்ட் டிரைவில் என்ன வேறுபாடு?

டாப் லோடில் பேரிங்குகள் டப்புக்கு அடியில் கிளட்ச் அசெம்பிளிக்குள் இருக்கும். உள் டப்பின் அடியில் துணியைச் சுழற்றும் பல்சேட்டரின் ஸ்க்ரூவும் உள் டப்பைப் பிடிக்கும் பெரிய நட்டும்தான் இறுகிக்கொள்பவை. நட் சில மாடல்களில் இடது மரை. அதற்கென்றே ரென்ச் உண்டு, உளி வைத்து அடித்து நட்டைச் சிதைக்காதீர்கள். அசெம்பிளியைப் பிரிப்பதைவிட முழுசாக மாற்றுவதே பல நேரம் மிச்சம்.

செமி ஆட்டோமேட்டிக்கில் டிரையர் பக்கம் இரைந்தால் ஸ்பின் ஷாஃப்டின் புஷ்ஷையும் (ஷாஃப்ட் சுழலும் உறை) ரப்பர் சீலையும் முதலில் பாருங்கள்.

டைரக்ட் டிரைவில் புல்லிக்குப் பதில் மோட்டாரின் சுழலும் பகுதியான ரோட்டர் இருக்கும். நடு போல்ட்டுக்கு மேலே சொன்ன எல்லாமே பொருந்தும். ரோட்டரின் காந்தம் விரலை நசுக்கும் அளவுக்கு இழுக்கும், அதன்மேல் சூடு படவே கூடாது.

எல்லாம் மாட்டியாயிற்று, ஆனால் இன்னும் சத்தம் வருகிறது.

வெறும் டிரம்மோடு முதலில் அலசல் மட்டும் ஓட்டி, டப்பின் முதுகில் ஈரம் இருக்கிறதா என்று டிஷ்யூ தாளை ஒற்றிப் பாருங்கள். பிறகு ஸ்பின். பழைய மாதிரியே இரைந்தால் பெல்ட்டை எடுத்துவிட்டு மறுபடி கையால் சுழற்றுங்கள். நறநறப்பு இருந்தால் அடித்த அடியில் பேரிங் அடிபட்டிருக்கிறது. இல்லையென்றால் மோட்டார்.

'தட் தட்'டென்று அடித்தால் எடைக்கல்லின் போல்ட்டோ ஷாக் அப்சார்பரின் முளையோ சரியாக இறுகவில்லை. மெஷின் அறையையே நடந்து கடக்கப் பார்த்தால் நான்கு கால்களின் மட்டத்தைப் பாருங்கள். புதுச் சீலின் உதடு முதல் சில சலவைகளுக்கு மெல்லிதாகக் கீச்சிடுவதுண்டு, அது தானாக நின்றுவிடும். புல்லி போல்ட்டை மட்டும் சில சலவைகளுக்குப் பிறகு பின் கவரைத் திறந்து ஒருமுறை தொட்டுப் பாருங்கள். சற்றேனும் தளர்ந்திருந்தால் கழற்றி, மரையைத் துடைத்து, நீல நிற மரைப்பசை ஒரு சொட்டு விட்டு மீண்டும் இறுக்குங்கள்.